டாலர் ஏறினால் விலைவாசி ஏன் ஏறுகிறது? சிறிய நாடுகளின் மாற்று விகிதமும் பணவீக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டின் நாணயம் சரியும் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களும் இரண்டு எதிர் முனைகளில் நிற்கின்றன. டாலர் ஏறினால் எல்லாம் முடிந்தது என்கிறார்கள், இல்லையென்றால் அது ஏற்றுமதிக்கு நல்லது, கவலைப்பட வேண்டாம் என்கிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. நாணயம் எவ்வளவு விழுந்தது என்பதைவிட ஏன் விழுந்தது, விழுந்த பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதுதான் பணவீக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

'சிறிய திறந்த பொருளாதாரம்' என்றால் மக்கள்தொகை குறைந்த நாடா?

அப்படி இல்லை. உலகச் சந்தையில் எந்தப் பொருளின் விலையையும் தன்னால் அசைக்க முடியாத நாடுதான் இங்கே 'சிறிய' நாடு. அது நாளைக்கே எண்ணெய் வாங்குவதை நிறுத்திவிட்டாலும் உலக எண்ணெய் விலையில் ஒரு சலனமும் இருக்காது. சொன்ன விலைக்கு வாங்கியாக வேண்டும். 'திறந்த' என்றால் சரக்கும் பணமும் எல்லை தாண்டிப் பெரிய அளவில் போய்வருகின்றன என்று பொருள். சிங்கப்பூரின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல மூன்று மடங்கு வருகிறது. ஐஸ்லாந்து, நியூசிலாந்து, இலங்கை, ஸ்வீடன், செக் குடியரசு எல்லாம் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட நாடுகள், ஆனால் இந்த விஷயத்தில் ஒரே வகை.

இப்படிப்பட்ட நாட்டில் இறக்குமதிப் பொருளின் விலை இரண்டு எண்களின் பெருக்கல்: டாலரில் உலக விலை எவ்வளவு, ஒரு டாலருக்கு உள்நாட்டுப் பணம் எவ்வளவு. முதல் எண் அவர்கள் கையில் இல்லை, அதனால்தான் இரண்டாவது எண்ணைப் பற்றி இவ்வளவு பேச்சு.

மாற்று விகிதம் எந்த வழியாக விலைக்குள் வருகிறது?

எல்லோருக்கும் தெரிந்த வழி, நேரடியாக இறக்குமதியாகும் பொருள்கள்: மருந்து, கைபேசி, வாகனம். அதைவிடப் பெரிய வழி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. உள்நாட்டில் தயாரான பொருளிலும் இறக்குமதி ஒளிந்திருக்கும். எரிபொருள், உரம், கால்நடைத் தீவனம், இயந்திர உதிரிபாகம், பொதி கட்டும் பிளாஸ்டிக் என்று எடுத்துக்கொண்டே போகலாம். எரிபொருள் ஏறினால் லாரி வாடகை ஏறும், லாரி வாடகை ஏறினால் உள்ளூரில் விளைந்த காய்கறியும் ஏறும்.

பலரும் கவனிக்காத இன்னொரு வழி ஏற்றுமதிப் பொருள்கள். ஒரு நாடு மீனோ பாலோ ஏற்றுமதி செய்கிறது என்று வையுங்கள். நாணயம் சரிந்தால் வெளிநாட்டில் விற்பவருக்கு உள்நாட்டுப் பணத்தில் அதிகம் கிடைக்கும். அப்படியிருக்க உள்ளூரில் பழைய விலைக்கு அவர் ஏன் விற்க வேண்டும்? ஆக, சொந்த மண்ணில் விளைந்து, சொந்த மக்கள் சாப்பிடும் பொருளும் டாலர் விலையைப் பின்தொடர ஆரம்பிக்கும். 'நாம் இறக்குமதியே செய்யாத பொருள் ஏன் ஏறுகிறது, இது பதுக்கல்தான்' என்று கோபப்படுகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். பதுக்கலும் நடக்கலாம், ஆனால் பதுக்கல் இல்லாமலேயே இது நடக்கும்.

அப்புறம் எதிர்பார்ப்பு. அதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கியமான இடம் அதுதான்.

டாலர் 10 சதவீதம் ஏறினால் விலைவாசியும் 10 சதவீதம் ஏறுமா?

பெரும்பாலும் ஏறாது. துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை ஏறக்குறைய முழுதாக ஏறலாம், ஆனால் கடையில் நாம் கொடுக்கும் பணத்தில் அந்த விலை ஒரு பங்குதான். கடை வாடகை, ஊழியர் சம்பளம், உள்நாட்டுப் போக்குவரத்து, வரி எல்லாம் உள்நாட்டுப் பணத்தில் இருக்கின்றன. வீட்டு வாடகை, முடிதிருத்தும் கூலி, டியூஷன் கட்டணம் போன்றவை எல்லை தாண்டுவதே இல்லை. அதோடு, வாடிக்கையாளரை இழக்க விரும்பாத இறக்குமதியாளர் கொஞ்ச நாள் தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிப்பார்.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். குடும்பச் செலவில் நேரடியாகவும் மறைமுகமாகவும் 40 சதவீதம் இறக்குமதி சார்ந்தது, முதல் ஆண்டில் டாலர் ஏற்றத்தில் பாதிதான் அந்த விலைகளில் போய்ச் சேருகிறது என்றால், டாலரின் 10 சதவீத ஏற்றம் விலைவாசியில் 2 சதவீதமாக வந்து நிற்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அர்ஜென்டினா ஒரு கடுமையான உதாரணம். 1991 முதல் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று கட்டிவைத்திருந்த விகிதம் 2002 ஜனவரியில் உடைந்தது, சில மாதங்களில் டாலர் கிட்டத்தட்ட 4 பெசோவைத் தொட்டது. ஆனால் அந்த ஆண்டு விலைவாசி ஏறியது சுமார் 41 சதவீதம்தான். காரணம் சந்தோஷமானதல்ல. உழைக்கக்கூடியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையில்லை, வாங்க ஆளில்லை, அதனால் விற்பவரால் விலையை ஏற்ற முடியவில்லை. மின்சாரம், எரிவாயு போன்றவற்றின் கட்டணங்களையும் அரசு உறைய வைத்திருந்தது. பணவீக்கம் குறைவாக இருந்தது என்று மட்டும் பார்த்து அந்த நாடு தப்பித்துக்கொண்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

'நாணயம் 44 சதவீதம் விழுந்தது', 'டாலர் 80 சதவீதம் ஏறியது', எது உண்மை?

இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் ஆனால் டாலரின் விலை 80 சதவீதம் ஏறியிருக்கிறது, ரூபாய் டாலரில் தன் மதிப்பில் 44 சதவீதத்தை இழந்திருக்கிறது. இறக்குமதி விலை எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட வேண்டியது 80-ஐ வைத்துத்தான். இந்த இரண்டையும் கலந்து பேசும்போது பாதிப்பு சிறியதாகத் தெரிகிறது.

ஒருமுறை விலை ஏறுவதும் பணவீக்கமும் ஒன்றா?

ஒன்றல்ல. இது புரிந்தால் மற்றவை தானாகப் புரியும்.

நாணயம் ஒருமுறை விழுந்து, புதிய இடத்தில் நின்றுவிட்டால், விலைவாசி ஒரு படி மேலே ஏறி நிற்கும். முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவதால் பன்னிரண்டு மாதங்களுக்குப் பணவீக்க எண் உயர்ந்து தெரியும், பிறகு அந்த ஏற்றம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். வலி உண்டு, ஆனால் முடிவும் உண்டு. பணவீக்கம் என்பது படியல்ல, ஓடிக்கொண்டே இருக்கும் மின்படிக்கட்டு. படி மின்படிக்கட்டாக மாறுவதற்கு வேறு ஏதாவது வேண்டும். விலை ஏறியதால் சம்பளம் ஏற்றப்படுகிறது, சம்பளம் ஏறியதால் விலை மறுபடி ஏறுகிறது, அடுத்த ஆண்டும் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பித் தங்கள் விலைகளை முன்கூட்டியே ஏற்றுகிறார்கள், இதற்கெல்லாம் தேவையான பணத்தை மத்திய வங்கி தடையில்லாமல் விட்டுக்கொண்டே இருக்கிறது, நாணயம் மறுபடி சரிகிறது. இந்த வட்டம் சுழல ஆரம்பித்தால் முதல் சரிவு எதனால் வந்தது என்பதே மறந்துபோகும்.

சம்பளம் கேட்பவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. விலை ஏறிய பிறகு அதே சம்பளத்தில் குடும்பம் நடத்தச் சொல்வது கொடுமை. வட்டத்தை நிறுத்தும் பொறுப்பு அந்தக் குடும்பத்தின் தலையில் இல்லை, பணத்தை நிர்வகிப்பவர்களிடம் இருக்கிறது.

ஒரு நாட்டில் சரிவு பெரிய பாதிப்பில்லாமல் போகிறது, இன்னொரு நாட்டில் எல்லாம் எரிகிறது. ஏன்?

மூன்று நாடுகளைப் பார்க்கலாம்.

ஸ்வீடன், 1992. ஐரோப்பிய நாணயங்களோடு கட்டிவைத்திருந்த குரோனாவைக் காப்பாற்ற மத்திய வங்கி செப்டம்பரில் ஒரு குறுகிய கால வட்டியை 500 சதவீதம் வரை ஏற்றிப் பார்த்தது. நவம்பர் 19 அன்று கைவிட்டது, நாணயம் சரிந்தது. பணவீக்கம் வெடிக்கும் என்று பயந்தார்கள். 1993-ல் அது 5 சதவீதத்துக்கும் கீழே நின்றது, அதிலும் ஒரு பங்கு மறைமுக வரிகளால் வந்தது. 1994-ல் 2 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. நாடு ஆழ்ந்த மந்தத்தில் இருந்ததும் ஒரு காரணம். ஆனால் 1993 ஜனவரியிலேயே 'எங்கள் இலக்கு 2 சதவீதப் பணவீக்கம்' என்று மத்திய வங்கி அறிவித்ததையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பழைய நங்கூரம் அறுந்த இரண்டே மாதத்தில் புதிய நங்கூரம் போடப்பட்டது.

ஐஸ்லாந்து, 2008. மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன, குரோனா யூரோவுக்கு எதிராக அந்த ஒரே ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி மதிப்பை இழந்தது. 2009 ஜனவரியில் பணவீக்கம் 18.6 சதவீதம். அங்கே இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. பெரும்பாலான வீட்டுக் கடன்களின் அசல் தொகையே விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்பட்டிருந்தது, அதனால் நாணயம் விழுந்தது விலையை ஏற்றியது, விலை ஏறியது கடனை ஏற்றியது, மாதாமாதம் ஒழுங்காகத் தவணை கட்டியவர்களின் கடன் பெருகிக்கொண்டே போனது. வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியவர்கள் நிலை இன்னும் மோசம். ஆனால் வட்டியை 18 சதவீதத்துக்குக் கொண்டுபோய், பணம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தி நாணயத்தை நிலைநிறுத்தினார்கள், 2011 ஜனவரியில் பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது.

இலங்கை, 2022. டாலரைச் சுமார் 200 ரூபாயில் பிடித்துவைத்திருந்தார்கள், அதற்காக நாட்டின் டாலர் கையிருப்பு கரைந்தது. 2019 கடைசியில் வரிகள் பெரிதாகக் குறைக்கப்பட்டிருந்தன, பற்றாக்குறையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு அடைத்தது. 2021-ல் இரசாயன உர இறக்குமதித் தடை விளைச்சலைக் குறைத்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டபோது சில வாரங்களில் டாலர் 360 ரூபாயை ஒட்டிப் போய்விட்டது, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது, செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். ஏப்ரலில் ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி வட்டி ஏற்றப்பட்டது, ஜூலையில் மறுபடியும் 1 சதவீதப் புள்ளி. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம்.

மூன்றிலும் நாணயம் விழுந்தது. ஸ்வீடனில் பணம் அச்சிட்டுப் பற்றாக்குறையை அடைக்கும் பழக்கம் அதற்குப் பின்னால் இல்லை, இலங்கையில் இருந்தது. அங்கே பணவீக்கத்துக்கும் நாணயச் சரிவுக்கும் வேர் ஒன்றுதான். டாலர் ஏறியதால் விலை ஏறியது என்று மட்டும் சொன்னால் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைக் குறை சொல்வது போல ஆகும். பணவீக்கம் குறைவாகவும் நிலையாகவும் இருக்கும் நாடுகளில் நாணயச் சரிவு விலைக்குள் போய்ச் சேரும் அளவும் குறைவு என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் டெய்லர் 2000-ல் வாதிட்டார். இந்தச் செலவு ஏற்றம் தற்காலிகமானது என்று நம்பும் வியாபாரி விலைப்பட்டியலை உடனே மாற்றமாட்டார், அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் அமெரிக்காவோடு பெரிதாக வணிகமே செய்வதில்லை. பிறகு ஏன் டாலர்?

ஏனென்றால் மற்றவர்களோடு செய்யும் வணிகத்துக்கும் பில் டாலரில்தான் போடுகிறார்கள். உலக ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய 10 சதவீதம், ஆனால் டாலரில் விலை குறிக்கப்படும் பங்கு சுமார் 40 சதவீதம். பொருளாதார அறிஞர் கீதா கோபிநாத்தும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு சிறிய நாடுகள் தங்களுக்குள் சரக்கு விற்றுக்கொண்டால்கூட, இருவருடைய நாணயமும் டாலருக்கு எதிராகச் சரிந்தால் இருவருக்குமே இறக்குமதி விலை ஏறும், அவர்கள் நாணயங்களுக்கு இடையிலான விகிதம் மாறவே இல்லையென்றாலும்கூட.

வழக்கமாக டாலர் வலுக்கும்போது எண்ணெய் விலை இறங்கும் போக்கு உண்டு, அது கொஞ்சம் ஆறுதல். 2022-ல் இரண்டும் சேர்ந்தே ஏறின. அந்த ஆண்டு சிறிய நாடுகளுக்கு அவ்வளவு கடினமாக இருந்ததற்கு இதுவும் காரணம்.

டாலர் ஏறும்போது மறுநாளே விலை ஏறுகிறது. இறங்கும்போது ஏன் இறங்குவதில்லை?

இந்தக் கோபம் நியாயமானது. இறங்கிய டாலர் இறங்கியபடியே இருக்குமா என்று வியாபாரிக்கு நம்பிக்கை இல்லை, பழைய விலையில் வாங்கிய சரக்கு கிடங்கில் கிடக்கிறது, இதற்குள் சம்பளமும் வாடகையும் ஏறிவிட்டன, அவை இறங்கப்போவதில்லை. போட்டி குறைவான துறையில் இறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே ஒரு இறக்குமதியாளர் கையில் ஒரு பொருள் இருந்தால், நாணயம் வலுத்த லாபம் முழுதும் அவரிடமே தங்கிவிடும். சிறிய சந்தைகளில் இது அடிக்கடி நடக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பணவீக்கம் 70-லிருந்து 1-க்கு வந்தது என்றால் விலை இறங்கியது என்று பொருளில்லை. ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது என்றுதான் பொருள். எண்ணைக் காட்டி 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று அதிகாரிகள் சொல்லும்போது மக்களுக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அவர்களுடைய சம்பளம் அந்த உயரத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வட்டியை ஏற்றினால் விலை எப்படி இறங்கும்?

இரண்டு வழி. மெதுவான வழி, கடன் விலையேறுகிறது, செலவு குறைகிறது, ஓராண்டுக்கு மேல் கழித்து விலை அழுத்தம் தணிகிறது. சிறிய திறந்த நாடுகளில் வேகமான வழி நாணயம்தான்: உள்நாட்டுப் பணத்தை வைத்திருப்பதற்கு அதிக வருமானம் கிடைப்பதால் டாலருக்கு ஓடுபவர்கள் குறைகிறார்கள், நாணயம் நிற்கிறது.

இதற்கு எதிரான சோதனையைத் துருக்கி செய்து காட்டியது (அது அவ்வளவு சிறிய நாடு இல்லை, ஆனாலும் பொருந்தும்). 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, பணவீக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வட்டியை 19-லிருந்து 14 சதவீதமாகக் குறைத்தார்கள். டாலர் சுமார் 8 லிராவிலிருந்து டிசம்பரில் ஒரு கட்டத்தில் 18-ஐத் தாண்டியது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்துக்கு மேல்.

ஆனால் வட்டி எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. அரசாங்கமே பெரிய கடனாளி என்றால் வட்டி ஏற ஏற அதன் பற்றாக்குறையும் ஏறும், 'இவர்களால் இதைத் தாங்க முடியாது' என்று சந்தை நினைத்துவிட்டால் நாணயம் இன்னும் சரியும்.

அப்படியானால் மாற்று விகிதத்தைக் கட்டிவைத்துவிட்டால் என்ன?

சில நாடுகளுக்கு அது வேலை செய்திருக்கிறது, ஆனால் விலை கொடுத்துத்தான். ஹாங்காங் 1983 முதல் ஒரு டாலருக்கு 7.80 என்ற அளவில் நிற்கிறது. 1997 ஆசிய நெருக்கடியில் அண்டை நாடுகளின் நாணயங்கள் சரிந்தபோது அது அசையவில்லை, பதிலாக 1998 கடைசியிலிருந்து 2004 வரை உள்நாட்டு விலைகள் தொடர்ந்து இறங்கின. நாணயம் வளையாவிட்டால் சம்பளமும் வாடகையும் வேலைவாய்ப்பும் வளைய வேண்டும். எக்வடோர் 2000-ல் தன் சொந்த நாணயத்தையே விட்டுவிட்டு டாலருக்கு மாறியது. அந்த ஆண்டும் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது, ஏனென்றால் மாறிய விகிதம் மிகத் தாழ்வாக இருந்தது, அதற்கேற்ப விலைகள் ஏறி முடிக்க வேண்டியிருந்தது. 2004-ல் அது 3 சதவீதத்துக்கும் கீழே.

எனக்குப் பிடித்த ஏற்பாடு சிங்கப்பூருடையது. 1981 முதல் அங்கே பணக் கொள்கையின் கருவி வட்டி இல்லை, மாற்று விகிதமே. வணிகம் செய்யும் நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையாகச் சேர்த்து, அதற்கு எதிராகத் தன் டாலர் ஒரு வரம்புக்குள் மெல்ல ஏறும்படி விடுகிறார்கள். உலக விலைகள் ஏறியபோது 2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை ஐந்து முறை கொள்கையை இறுக்கினார்கள், அதாவது நாணயத்தை இன்னும் வலுக்க விட்டார்கள். ஆனால் இதைப் பார்த்து எல்லோரும் செய்ய முடியாது. பெரிய கையிருப்பும் ஒழுங்கான அரசு நிதியும் பின்னால் இருப்பதால்தான் அது நிற்கிறது. அவை இல்லாமல் விகிதத்தை மட்டும் பிடித்துவைப்பது பணவீக்கத்தை ஒத்திப்போடுவது, அதுவும் வட்டியோடு.

நாணயம் வலுத்துக்கொண்டே போனால் நல்லதுதானே?

நுகர்வோருக்கு நல்லது, ஓரளவுக்கு. சுவிட்சர்லாந்து 2015 ஜனவரி 15 அன்று யூரோவுக்கு 1.20 என்ற வரம்பைக் கைவிட்டதும் பிராங்க் பாய்ந்து ஏறியது, அந்த ஆண்டு விலைவாசி 1.1 சதவீதம் இறங்கியது, ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். செக் குடியரசு நேர்மாறாக, பணவீக்கம் மிகவும் குறைந்துவிட்டதே என்று 2013 நவம்பரில் தன் நாணயத்தை வேண்டுமென்றே யூரோவுக்கு 27 என்ற அளவுக்குத் தளர்த்தி 2017 ஏப்ரல் வரை வைத்திருந்தது. அப்படியும் பணவீக்கம் 2 சதவீதத்துக்கு வர மூன்று ஆண்டு ஆனது, ஏனென்றால் இடையில் உலக எண்ணெய் விலை சரிந்துவிட்டது.

பாதிப்பு முழுதாகத் தெரிய எவ்வளவு காலம்?

எரிபொருள் சில வாரங்களில், உணவு சில மாதங்களில், கருவிகளும் வாகனங்களும் கிடங்குச் சரக்கு தீர்ந்த பிறகு, சேவைகளும் சம்பளமும் ஓராண்டுக்குப் பிறகு. கட்டண மானியங்களும் விலைக் கட்டுப்பாடும் இருந்தால் இது தாமதமாகி, பின்னர் ஒரே நாளில் வந்து விழும்.

சரி, நான் எதைக் கவனிக்க வேண்டும்?

தினசரி டாலர் விலையைக் குறைவாகப் பாருங்கள். அரசின் பற்றாக்குறையை யார் அடைக்கிறார்கள், மக்களின் சேமிப்பா மத்திய வங்கியா என்று பாருங்கள். கடன் எந்த நாணயத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்நியச் செலாவணிக் கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்று பாருங்கள், அதிலும் எவ்வளவு உண்மையில் செலவழிக்கக்கூடியது என்று கேளுங்கள். இலங்கையின் கையிருப்புக் கணக்கில் 2022-ல் சீன மத்திய வங்கியோடு செய்த சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயப் பரிமாற்ற ஏற்பாடும் (இரு மத்திய வங்கிகள் தங்கள் நாணயங்களை ஒன்றுக்கொன்று கடனாகக் கொடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம்) சேர்ந்திருந்தது; நிபந்தனைகள் இருந்ததால், எரிபொருள் கப்பலுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் அதைத் தொட முடியவில்லை.